‘டெப்போ’வுக்குத் தமிழ்: ‘மெல்விடு ஊசி’ சரிவருமா?

வாழைச்சேனையிலிருந்து, உளநலத் தாதி

குழுவினருக்கு வணக்கம். உளப்பிறழ்வு நோய்க்குச் சில கிழமைகளுக்கு ஒருமுறை தசையில் போடும் ஊசியைக் கிளினிக்கில் ‘டெப்போ’ என்கிறோம். நோயாளர் கையேட்டில் அப்படியே எழுத முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டு ஊசிக்கும் அதே பெயர்தான். ‘மாத ஊசி’, ‘எண்ணெய் ஊசி’, ‘வைப்பூசி’ ஆகிய மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எதை எடுப்பது?

கல்முனையிலிருந்து, மருந்தாளர்

மூன்றுமே வேண்டாம் மிஸ்.

மாதக்கணக்கு நிலையானதல்ல. இந்த ஊசி மருந்துகளில் ஒன்றான புளூபெனசீன் டெக்கனோயேட் இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை. இன்னொன்றான பாலிபெரிடோனில் மாதத்துக்கு ஒருமுறை போடுவது 2009இலும், மூன்று மாதத்துக்கானது 2015இலும், ஆறு மாதத்துக்கானது 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கர்ப்பத்தடை ஊசியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். ஒரு பெண்ணின் கொப்பியில் ‘மூன்று மாத ஊசி’ என்று மட்டும் இருந்தால், குடும்பநல மாது எதை நினைப்பார்?

எண்ணெய் எல்லாவற்றிலும் இல்லை. புளூபெனசீன் நல்லெண்ணெயில் கரைந்தது, ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லிகிராம். சிரிஞ்சில் ஈரம் இருந்தால் கலங்கிவிடும். பாலிபெரிடோனோ நீரில் மிதக்கும் நுண்துகள். போடுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். எண்ணெய் ஊசி என்று பழகிய கை அதை மறந்தால் துகள் அடியில் தங்கி, மருந்தின் அளவு பிசகும்.

‘வைப்பு’ வங்கிச் சொல்லாக அழகுதான், இலக்கணமும் ‘தடுப்பூசி’ போல அமைகிறது. ஆனால் நம் பகுதியில் ‘வைத்துவிட்டார்கள்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது சூனியம். தன் உடம்புக்குள் யாரோ எதையோ வைத்திருக்கிறார்கள் என்று நம்பி அஞ்சும் ஒருவரிடம் போய் ‘இது வைப்பூசி’ என்று எப்படிச் சொல்வது? இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். ‘நெடுவினை ஊசி’யும் இதனால்தான் ஆகாது, செய்வினை ஒட்டிக்கொள்ளும்.

நான் சொல்வது: ‘நீள்பயன் ஊசி’.

அக்கரைப்பற்றிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

சேர், நீள்வது பயன் மட்டுமா? கை நடுக்கம், ஓரிடத்தில் இருக்கவிடாத அந்தரம் வந்தாலும் அதுவும் நீளுமே. குளிசையை நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது. அதனால்தானே புளூபெனசீனை முதலில் 12.5 மில்லிகிராம் போட்டுப் பார்க்கிறோம். ஊசியையும் குளிசையையும் ஒப்பிட்டு 2023இல் வெளிவந்த யூலாஸ்ட் ஆய்வும், நோயின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்கள் எவ்வளவு காலத்தில் சிகிச்சையைக் கைவிடுகிறார்கள் என்பதில் ஊசிக்கும் குளிசைக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. பெயரிலேயே பயனை உறுதியளிப்பது சம்மதம் கேட்கும் இடத்தில் நேர்மையாகாது.

மருந்து தசையில் தேங்கி, குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுவதுபோல இரத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ‘மெல்விடு ஊசி’ என்றால் என்ன? வாயால் சொல்லும்போது ‘மெல்ல மெல்ல விடுகிற ஊசி’. விளக்கவுரை தேவைப்படாது.

கல்முனையிலிருந்து, மருந்தாளர்

ஏற்றுக்கொள்கிறேன். ‘மெல்ல ஏற்று’ என்று தாதிமார் பொருள்கொள்வார்களோ என்று யோசித்தேன். ஆனால் நாம் ஊசி ‘போடுகிறோம்’, ‘ஏற்றுகிறோம்’, ‘விடுவது’ இல்லை; அதனால் குழப்பம் வராது. தசையில் நிற்கும் மருந்துக்குத் ‘தசைத் தேக்கம்’ என்று தனிச்சொல் வைப்போம். கொப்பியில் பெயர் மட்டும் போதாது மிஸ்: மருந்து, மில்லிகிராம், எந்தப் பக்கம், அடுத்த திகதி நான்கும் வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து, உளநலத் தாதி

கையேட்டில் ‘மெல்விடு ஊசி’ என்றே போடுகிறேன். ‘டெப்போ’வை ஒரேயொரு இடத்தில், ‘கிளினிக்கில் இப்படியும் சொல்வார்கள்’ என்று சேர்க்கிறேன்.