ஓடப் போனவள் நின்ற கதை

எனக்கு வயது 26. திருவான்மியூரில் வீடு, பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் ஷட்டில், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் அல்லது கடல். பங்குனி பிறந்துவிட்டால் அலாரத்தை நாலரைக்கு மாற்றிவிடுவேன். சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கடல்காற்று எட்டிப் பார்க்க நண்பகல் ஆகிவிடும். அதனால் சூரியன் தலைகாட்டுவதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

என் கைக்கடிகாரம் இரண்டு நேரம் காட்டும். ஓடிய நேரம் ஒன்று, மொத்தமாக ஆன நேரம் ஒன்று. நின்றால் முதல் கணக்கு தானாக நின்றுவிடும். மற்ற மாதங்களில் இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நிமிடம்தான் வித்தியாசம் இருக்கும், ஷூ லேஸ் கட்டியதும் தண்ணீர் குடித்ததும். இந்த ஏப்ரலில் ஒரு நாள் 41 நிமிடம் காட்டியது. கூட ஓடுகிறவர்கள், “என்ன, நடுவுல தூங்கிட்டியா?” என்று கேட்டார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்று ஐந்து மணிக்கெல்லாம் கடற்கரைக்குப் போய்விட்டேன். நல்ல இருட்டு. திருவான்மியூர் மணலில் இறங்கி வடக்கே, அலை நனைத்து இறுகிய ஈர மணல் வழியாகவே பெசன்ட் நகரைத் தாண்டி அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். புதிதாக ஒரு நெற்றி விளக்கு வாங்கியிருந்தேன். விலை அதிகம், அதனால் வெளிச்சத்தையும் முழுசாக வைத்திருந்தேன்.

பெசன்ட் நகரை நெருங்கும்போது இருட்டில் நாலைந்து பேர் குந்தி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதில் ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டே கத்தினாள்: “அக்கா, லைட்ட ஆஃப் பண்ணுங்க! அப்படியே நில்லுங்க, கால எடுக்காதீங்க!”

பாம்பு என்றுதான் நினைத்தேன். அணைப்பதற்கு முந்தைய நொடியில் குனிந்து பார்த்தால், தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று ஊர்கிறது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஏழெட்டு. எல்லாம் கடலை விட்டுவிட்டு என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

பங்குனி ஆமைக் குஞ்சுகள். பங்குனியை ஒட்டிக் கரையேறி முட்டையிடுவதால்தான் நம் ஊரில் அந்தப் பெயர். பொரிந்து வந்த குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லித்தர யாரும் இல்லை. எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே போகும். நகரம் இல்லாத காலத்தில் வெளிச்சமான பக்கம் கடலாகத்தான் இருந்தது. இப்போது தெருவிளக்கு, கடை விளக்கு, அன்றைக்கு என் நெற்றி.

விளக்கை அணைத்துவிட்டேன். அதன் பிறகு நகர முடியவில்லை. கண் இருட்டுக்குப் பழகும்வரை எங்கே கால் வைத்தாலும் ஒரு உயிர் போய்விடும் என்ற பயம். அந்தப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் என் பக்கம் வந்த குஞ்சுகளைப் பொறுமையாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள். 1988 முதல் சென்னை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்கிறார்கள். நீலாங்கரையில் தொடங்கி ராத்திரி முழுக்கக் கரையோடு நடந்து, கூட்டைக் கண்டுபிடித்து, நாய் தோண்டுவதற்குள் முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்குமாம். பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நான் பள்ளி விட்டு வந்ததிலிருந்து இதே கரையில் ஓடுகிறேன், என்றைக்கும் இவர்களை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. “ராத்திரியில் சுற்றும் பசங்க” என்று ஒதுங்கி ஓடியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

கண் பழகியதும் ஒரு காட்சி. நான் ஓடி வந்த வழியில் என் ஷூ குதிகால் பதிந்து நல்ல ஆழமான பள்ளம். அதற்குள் ஒரு குஞ்சு தலைகீழாகக் கிடக்கிறது. முன் துடுப்பு இரண்டையும் ஆட்டி ஆட்டி மணலைத் தள்ளுகிறது, பள்ளத்தின் ஓரம் சரிந்து மறுபடியும் அதன் மேலேயே விழுகிறது. எனக்கு அது ஒரு அங்குலப் பள்ளம். அதற்கோ கிணறு. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “நிமித்தி மட்டும் விடுங்க, அதுவே நடக்கட்டும்” என்றாள். இருபது கிராம்கூட இருக்காது. ஆனால் விரலில் அது துடுப்பால் தள்ளிய தள்ளு இருக்கிறதே, நான் ஜிம்மில் தூக்கும் எதற்கும் அப்படி ஒரு அவசரம் இருந்ததில்லை. பிறகு அந்த மாணவர்கள் செய்ததையே நானும் செய்தேன். மண்டியிட்டு, என் கால்தடங்களை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நிரவினேன்.

கடைசிக் குஞ்சை ஒரு அலை வந்து தூக்கிக் கரைக்கே திருப்பி எறிந்தது. இரண்டாவது அலையும் அப்படியே. மூன்றாவதில் போய்விட்டது. அதற்குள் கிழக்கே வெளுத்துவிட்டது. மணல் சூடாக இருந்தால் பொரிவதில் பெண் குஞ்சுகள் அதிகம் என்று அவள் சொன்னதும் அப்போதுதான். “ஏப்ரல் கூடு எல்லாம் மோஸ்ட்லி கேர்ள்ஸ் கேங்தான்க்கா” என்றாள்.

சரி, மிச்ச ஓட்டம். கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் வழியாகப் போனேன். 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரர் அவர். அதைத் தாண்டியதும் ஊரூர் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் தினமும் கேட்கும் கேள்வியை அன்றும் கேட்டார்: “இன்னா பாப்பா, யாரு தொரத்துறாங்கோ?” நான் எப்போதும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அன்று ஏற்கெனவே நின்று கெட்டுப்போன கணக்குதானே என்று நின்றேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை வருகிறது, ஃபைபர் படகுக்குத் தடையில்லை, அந்த நாட்களில்தான் தன் மீனுக்குக் கொஞ்சம் விலை கிடைக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் நீந்தப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. “சொறி வர்ற மாசம். பட்டா தேய்க்காத. நல்ல தண்ணி ஊத்தாத. கடல் தண்ணியாலயே கழுவு.” சொறி என்றால் ஜெல்லிமீன்.

தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, இடுப்பளவு ஆழத்தைத் தாண்டி இருபது முப்பது கைவீச்சு போயிருப்பேன். முன்கையில் யாரோ சூடான கம்பியை இழுத்தது போல் இருந்தது. கரைக்கு வந்து பார்த்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பாக மூன்று கோடு, சாட்டை அடித்த மாதிரி. கூட வந்தவர்களில் ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டாள், இன்னொருத்தி கை நிறைய மணலோடு வந்தாள். அந்த நொடியில் குப்பத்து அண்ணன் குரல் கேட்டது. சொறியின் இழை தோலில் ஒட்டியிருந்தால் அதில் வெடிக்காத கொட்டும் செல்கள் இன்னும் இருக்கும். நல்ல தண்ணீர் பட்டாலும் தேய்த்தாலும் அவையும் சேர்ந்து வெடிக்கும். கடல் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒட்டியிருந்ததை ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் கிள்ளி எடுத்துப் போட்டோம். பக்கத்து டீக்கடையில் தாங்குகிற சூட்டில் வெந்நீர் வாங்கிக் கையை வைத்தேன். இருபது நிமிடத்தில் எரிச்சல் பாதியானது. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ வெந்நீரோடு உட்காராமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எனக்கு அந்த அளவுக்கு இல்லை. கோடு மட்டும் பத்து நாள் இருந்தது. அலுவலகத்தில் “பூனையா?” என்றார்கள். ஆமாம் என்றேன். யார் உட்கார்ந்து விளக்குவது.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். சைக்கிளில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினேன். வெயில் ஏறிவிட்டது. உடம்பில் நீர் குறையக் கூடாது என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு வழி நெடுகத் தண்ணீர், தண்ணீர், வெறும் தண்ணீர். கிட்டத்தட்ட மூன்று லிட்டர். ஈஞ்சம்பாக்கம் தாண்டும்போது தலை சுற்றி, குமட்டி, கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. சாலையோரம் கூழ் விற்கும் ஆயாவின் குடைக்குக் கீழே சைக்கிளோடு சரிந்து உட்கார்ந்தேன்.

“எவ்ளோ தண்ணி குடிச்ச?” என்றார் ஆயா. சொன்னேன். “அதான். உப்பு எறங்கிடுச்சி. தண்ணிய வெச்சிட்டு இத குடி.” ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது, உப்பு தூக்கலாக. பக்கத்தில் ஒரு தட்டில் மோர்மிளகாய், சின்ன வெங்காயம், உப்பில் ஊறிய மாங்காய்க் கீற்று. அரை மணி நேரத்தில் எழுந்து நின்றேன். வியர்வையில் உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகிறது என்பது ஓடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, பையில் உப்புக் கரைசல் பாக்கெட் இரண்டு பிரிக்காமலே கிடந்தது. இப்போது கடைப் பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளந்து போட்டுக் கிளம்புகிறேன்.

தெருநாய் துரத்திய கதைகளும் நிறைய இருக்கின்றன, எல்லாம் ஒரே கதைதான். ஓடாதே, நில், வேறு பக்கம் பார்.

*

இதைப் படித்துவிட்டு கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியது:

எங்களுக்குக் கடல் இல்லைங்க, கிணறுதான். வருசா வருசம் பரீட்சை முடிந்து பசங்க ஊருக்கு வந்ததும் நான்தான் நீச்சல் வாத்தியார். என் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டார்கள், இப்போது ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் நான் நிற்பேன்.

இந்த முறை கொஞ்சம் வித்தை காட்டலாமே என்று மோட்டார் ரூம் மேலே ஏறி ஒரே குதி. மேலே வந்து கண்ணைத் திறந்தால் ஒரு முழ தூரத்தில் தண்ணீர்ப்பாம்பு, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறது. விஷம் இல்லை, சீண்டினால் மட்டும் கடிக்கும் என்று பசங்களுக்கு அரை மணி நேரம் முன்னால்தான் பாடம் எடுத்திருந்தேன். படிக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கை கால் எதுவும் சொல்லிக்கொடுத்த மாதிரி அசையவில்லை, அது நிச்சயம். எட்டு வயது அக்கா பையன் மேலே நின்றுகொண்டு, “மாமா, அது கல்லு சந்துக்குள்ள போயிருச்சு, நீங்க இனி இறங்கலாம்” என்கிறான். சாயங்காலம் அமுச்சியிடம் (அம்மாவைப் பெற்ற பாட்டி) அதை அப்படியே நடித்தும் காட்டினான்.

*

மதுரையிலிருந்து இன்னொருவர் எழுதியது:

கீழக்குயில்குடி சமணர் மலையில் படி ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்கிறேன். சித்திரையில் ஏழரைக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும், அதனால் ஆறு மணிக்குள் முதல் சுற்று. நாலாவது சுற்றில் பேச்சிப்பள்ளத்துப் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிலை வரிசைக்குக் கீழே கையை முட்டியில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒருவர், வெறுங்கால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் குடிநீர்க் கேனோடு என்னைத் தாண்டிப் போனார். “தம்பி, வழிய விட்டு ஒதுங்கி உக்காருங்க” என்றார், அவ்வளவுதான். குருவிகளுக்கும் குரங்குக்கும் பாறைக் குழியில் தண்ணீர் ஊற்ற வருகிறார் என்று பிறகு தெரிந்தது. கேனை வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, “உங்களுக்கே மூச்சு எரைக்குது” என்று சொல்லிவிட்டார்.

*

மறுபடியும் நான், திருவான்மியூர்:

மதுரைக்காரருக்கு: வெறுங்காலில் ஏறுகிறவரோடு போட்டி வேண்டாம். கோபிக்காரருக்கு: அந்தப் பையனுக்கு ஒரு ஐஸ்கிரீம்.

நெற்றி விளக்கை விற்றுவிடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இல்லை, சைக்கிளுக்கு வைத்திருக்கிறேன். மணலில் இறங்கும்போது மட்டும் அது பைக்குள் இருக்கும். பொரிப்பகத்தில் இன்னும் சில கூடு பாக்கி, மே முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். கத்திரி தொடங்குவதும் அப்போதுதான். அதுவரை வாரம் ஒரு நாள் அந்த நிரவுகிற வேலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கூழ்க்கடை எங்கே என்று கேட்டவர்களுக்கு: ஈஞ்சம்பாக்கம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரத்தை நோக்கி வரும் பக்கம், பச்சைக் குடை. பத்தரைக்குள் தீர்ந்துவிடும். போகும்போது ஒரு சொம்பு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் டம்ளரில் கொடுக்கச் சொன்னால் ஆயா முறைப்பார்.