புதுப்பிப்பு: அப்பச்சி தூணில் இடித்துக்கொள்வது புரையால் அல்ல

அப்பச்சி (எங்கள் அப்பா) வளவுத் தூணில், அதாவது வீட்டு முற்றத்துத் தூணில், அடிக்கடி தோளை இடித்துக்கொள்கிறார், நிலைப்படி தடுக்குகிறது, ஆனால் பேப்பரில் பொடி எழுத்தைக்கூட சரளமாகப் படிக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் கண்புரை என்றீர்கள். கிளாக்கோமாவாம், பார்வை நரம்பு கெடும் கண்நோய். காரைக்குடியில் கண் அழுத்தம் பார்த்துவிட்டு, ஓரம்வரை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப்புலச் சோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார்கள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும் கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். அப்பச்சி ரொம்ப நேரம் அமுக்கவே இல்லை. "மிஷின் ஓடுதா தம்பி?" என்று கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எழுத்தைப் படிக்க விழித்திரையின் நடுப்பகுதி போதும். நுணுக்கம் பார்க்கும் கூம்புச் செல்கள் அங்கேதான் நெருக்கம். ஓரத்தில் குச்சிச் செல்கள் அதிகம்: நுணுக்கம் தெரியாது, அசைவும் மங்கல் வெளிச்சமும் பிடிபடும். கிளாக்கோமாவில் கெடுவது இந்தச் செல்கள் அல்ல, சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பின் இழைகள். பெரும்பாலும் ஓரப்பார்வை முதலில் போகும். வலி கிடையாது, கறுப்பாகவும் தெரியாது. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துவிடும், மிச்சத்தை மூளையே இட்டு நிரப்பிவிடும். அப்புறம் எப்படித் தெரியும்?

போனது திரும்பாது. சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைத்து, இருப்பதைக் காப்பாற்றும். (கண் அழுத்தம் வழக்கமான அளவான 21 mmHg-க்குள் இருந்தாலும் இது வரலாம், அளவை மட்டும் நம்பாதீர்கள்.) பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் நானும் அண்ணனும் பார்த்துவிட்டோம்.

வண்டிச் சாவியை ஆத்தா வாங்கி வைத்துக்கொண்டார். அப்பச்சிக்கு அதில்தான் கோபம்.