பென்குயினுக்கு எவ்வளவு மீன் மிச்சம் வைக்க வேண்டும்?

கேள்வி:
போன மாதம் கேப் டவுன் அருகே போல்டர்ஸ் கடற்கரையில் ஆப்பிரிக்கப் பென்குயின்களைப் பார்த்தேன். மரப்பாதையை விட்டு நகரவே மனம் வரவில்லை. 2024-ல் இந்த இனத்தை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்துவிட்டார்கள் என்று அப்புறம்தான் படித்தேன். கடலில் எவ்வளவு மீன் மிஞ்சினால் பறவைக்குப் போதும்? யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா?

பதில் 1:
போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிலிப் க்யூரியும் குழுவினரும் 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஏழு கடல் பகுதிகள், 14 பறவை இனங்கள். இரை மீன் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் குஞ்சு பொரிப்பு சரிகிறது. ஆர்க்டிக்கோ அன்டார்டிகாவோ, எல்லை கிட்டத்தட்ட இதேதான். என்னை உலுக்கிய விஷயம் அது.

பதில் 2:
சரி, ஆனால் மொத்தக் கணக்கு மட்டும் போதாது, மீன் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பென்குயினால் பறக்க முடியாது. குஞ்சு இருக்கும்போது கூட்டைவிட்டு ரொம்ப தூரம் போகவும் முடியாது. இறகு மாற்றும் மூன்று வாரம் கடலில் இறங்காமல் பட்டினி கிடக்கும். அதற்கு முன்பே மத்தியும் நெத்திலியும் தின்று கொழுத்தாக வேண்டும். அந்த மீனைத்தான் பெரிய வலைப் படகுகளும் அள்ளுகின்றன. இதை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவில் நடந்த வழக்குக்குப் பிறகு, 2025 மார்ச்சில் ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி இந்த மீன்பிடிப்பைப் பத்தாண்டுகளுக்குக் கட்டுப்படுத்த நீதிமன்ற உத்தரவு வந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அன்று ஒரு பறவை இறகெல்லாம் பிய்ந்து அசையாமல் நின்றது. நோய் என்று நினைத்தேன். பட்டினியோடு காத்திருந்திருக்கிறது, பாவம்.