குளூட்டன் இல்லாத திராமிசு: கீழடுக்கு கூழாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங் அம்மா, பினாங்கு:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது சென்ற ஆண்டு உறுதியானது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் அவளுடைய சிறுகுடலைப் பாதிக்கிறது என்று மருத்துவர் விளக்கிய நாளிலிருந்து சப்பாத்தி, ரவை உப்புமா, ரொட்டி சானாய் எதுவும் அவள் தட்டுக்கு வருவதில்லை. கோதுமை மாவு சேர்த்த கூட்டுப் பெருங்காயத்தைக்கூட மாற்றிவிட்டேன். சோறும் இட்லியும் தோசையும் உண்ணும் வீடு என்பதால் அன்றாடச் சமையலில் பெரிய சிரமம் இல்லை. பிறந்த நாள் நெருங்கும்போதுதான் பிள்ளைக்கு ஏக்கம் வருகிறது.

அடுத்த மாதம் அவளுக்கு 17 வயது நிறைகிறது. கேக்குக்குப் பதிலாகத் திராமிசு (காப்பியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிய இத்தாலிய இனிப்பு) வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஒத்திகையாகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை செய்து பார்த்தேன். கடையில் வாங்கிய இடியாப்ப மாவில் விரல் பிஸ்கட் சுட்டு, வழக்கமான செய்முறைப்படி ஒவ்வொன்றையும் காப்பியில் முக்கி எடுத்து அடுக்கி, மேலே மஸ்கார்போனே என்னும் இத்தாலியக் கிரீம் சீஸில் செய்த கிரீமைப் பரப்பி, இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். காலையில் கரண்டியை இறக்கியபோது பிஸ்கட் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடியில் பழுப்பு நிறக் கூழும் ஓரத்தில் தேங்கிய காப்பித் தண்ணீரும்தான் இருந்தன. வாயில் வைத்தால் மணல் போல நறநறத்தது. மகள் ஒரு குறையும் சொல்லாமல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எந்த மாவைப் பயன்படுத்துவது, காப்பியில் எவ்வளவு நேரம் முக்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். காப்பிக்கு வீட்டில் எப்போதும் வாங்கும் கோப்பி-ஓ (பால் சேர்க்காத கறுப்புக் காப்பி) தூளையே கலந்தேன். பச்சை முட்டை சேர்ப்பதிலும் எனக்குச் சற்றுத் தயக்கம் இருக்கிறது.

செந்தூல் அடுமனை, கோலாலம்பூர்:

வணக்கம் அக்கா. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். குளூட்டன் இல்லாத விரல் பிஸ்கட்டை நானும் பல முறை கெடுத்த பிறகுதான் பிடிபட்டது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஆறுதல். இத்தாலியர்கள் சவொயார்டி என்று அழைக்கும் அந்த பிஸ்கட்டை எழுப்புவது குளூட்டன் அல்ல, அடித்த முட்டை வெள்ளைக்கருவில் சிறைப்பட்ட காற்றுதான். ஆகவே கோதுமை இல்லாமலேயே அது நன்றாக உப்பும். சிக்கல் நனையும்போது வருகிறது. கோதுமை பிஸ்கட்டில் குளூட்டனும் முட்டைப் புரதமும் சேர்ந்து வலை போலப் பின்னியிருப்பதால், காப்பியை உறிஞ்சிய பிறகும் அது உருக்குலையாமல் நிற்கிறது. அரிசி மாவில் அந்தப் பின்னல் கிடையாது. தாங்கி நிற்பது முட்டை மட்டுமே. எனவே மாவை மாற்றியது போலவே நனைக்கும் முறையையும் மாற்ற வேண்டும்.

நறநறப்புக்குக் காரணம் இடியாப்ப மாவு. அது வறுத்த மாவு, அவ்வளவு மிருதுவாக இருக்காது. இங்கே எல்லாப் பேரங்காடிகளிலும் கிடைக்கும், அரிசியை ஊறவைத்து நீர் விட்டு அரைத்து உலர்த்திய தாய்லாந்து அரிசி மாவு மிக மிருதுவாக இருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் முகப்பவுடர் போல வழுக்க வேண்டும். புலூட் எனப்படும் பசையரிசி மாவை வாங்கிவிடாதீர்கள். அதில் குளூட்டன் இல்லை, உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பிஸ்கட் பசை போல இழுக்கும்.

என் அளவு இது. 3 முட்டைகளின் வெள்ளைக்கருவைத் தனியே எடுத்து, 75 கிராம் சர்க்கரையில் பாதியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கிண்ணத்தைச் சாய்த்தாலும் நகராத அளவுக்கு அடியுங்கள். மீதிச் சர்க்கரையோடு மஞ்சள்கருவை வெளிர் நிறம் வரும்வரை அடித்து அதில் கலந்து, 50 கிராம் அரிசி மாவையும் தெபோங் ஜாகோங் எனப்படும் வெள்ளைச் சோள ஸ்டார்ச் 40 கிராமையும் இரண்டு முறை சலித்துத் தூவி, காற்று போகாமல் மடித்து மடித்துக் கலக்குங்கள். பேக்கிங் பவுடர் தேவையில்லை. சில வகைகளில் கோதுமை ஸ்டார்ச் இருப்பதால் சேர்க்காமல் விடுவதே நல்லது. விரல்களாகப் பிழிய வராவிட்டால், தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பிச் சுட்டு, பிறகு பாத்திரத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அடுக்கும்போது இடைவெளி விழாது.

180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் சுட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சூட்டை 100 டிகிரிக்குக் குறைத்து இன்னும் அரை மணி நேரம் உலர்த்துங்கள். தட்டினால் காய்ந்த ரொட்டி போலச் சத்தம் வர வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மேசைமேல் ஆறவைத்தால் ஒரு மணி நேரத்திலேயே மெத்தென்று ஆகிவிடும். அடுப்பின் கதவைச் சற்றே திறந்துவைத்து உள்ளேயே ஆறவிட்டு, உடனே காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

இனி, காப்பியில் முக்கவே முக்காதீர்கள். பிஸ்கட்டைப் பாத்திரத்தில் அடுக்கியபின், நன்றாக ஆறிய காப்பியைத் தூரிகையால் மேற்புறத்தில் மட்டும் பூசுங்கள். இந்த அளவு பிஸ்கட்டுக்கு இரண்டு அடுக்குக்கும் சேர்த்து 120 மில்லிலிட்டர் போதும். பூசிய உடனே பார்த்தால் காய்ந்தது போலத் தோன்றும், பயப்பட வேண்டாம். மேலிருக்கும் கிரீமின் ஈரமும் இறங்கி, மறுநாள் காலையில் சரியான பதத்துக்கு வந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

சகோதரி, நான் ஒன்பது ஆண்டுகளாகச் சீலியாக் நோயுடன் வாழ்பவள். மேலே உள்ள பதில் மிகவும் பயனுள்ளது. ஆனால் உங்கள் கேள்வியில் என்னைத் திடுக்கிட வைத்தது கோப்பி-ஓ தூள்தான்.

நம் நாட்டுக் கோப்பித்தியாம் (காப்பிக் கடை) பாணித் தூள், கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்துச் செய்வது. விலை குறைவான கலவைத் தூள்களில் சோளமோ கோதுமையோ சேர்த்து வறுப்பதும் உண்டு. பொட்டலத்தில் ‘கோப்பி சம்புரான்’ (கலவைக் காப்பி) என்று இருந்தால் உள்ளடக்கப் பட்டியலில் ‘காண்டும்’ (மலாயில் கோதுமை), ‘பார்லி’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மலேசிய உணவு விதி. சில்லறையாக நிறுத்து வாங்கும் தூளில் அந்தப் பட்டியலே இருக்காது. உங்கள் மகளுக்காக அதைக் கைவிடுங்கள்.

கொட்டையைத் தவிர வேறு எதுவும் சேராத காப்பித்தூளை வாங்கி, நம் எவர்சில்வர் ஃபில்டரில் முதல் டிகாக்ஷனை இறக்குங்கள். திராமிசுவுக்கு அது மிக அருமையாகப் பொருந்தும். எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. சிக்கரி கலந்த தூளும் ஆகும், சிக்கரி ஒரு வேர்தான். கசப்பு மட்டும் சற்று மேலோங்கும்.

மேலே தூவுவதற்கு இனிப்பு சேராத சுத்தக் கோக்கோ மட்டும். வீட்டில் இருக்கிறதே என்று மைலோவைத் தூவிவிடாதீர்கள், அதில் பார்லி மால்ட் இருக்கிறது. என் உறவினர் வீட்டில் அன்போடு செய்து கொடுத்த ஒரு கிண்ணத்தால் நான் மூன்று நாள் படுத்திருக்கிறேன்.

சலிக்கும் சல்லடை எது என்றும் பாருங்கள். கோதுமை மாவைச் சலித்த சல்லடையின் கண்ணிகளிலிருந்து, எவ்வளவு கழுவினாலும், மாவு முழுவதும் போகாது. மரக்கரண்டியும் அப்படியே. ‘குளூட்டன் இல்லாதது’ என்று ஓர் உணவைச் சொல்ல, கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரம் அனுமதிக்கும் குளூட்டன் அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் மட்டுமே. அவ்வளவு சிறிய அளவு அது. அதே காரணத்தால் மாவு மில்லில் கொடுத்து அரைத்த அரிசி மாவும் வேண்டாம். உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள்.

ஆயர் ஈத்தாம் தாத்தா, பினாங்கு:

அம்மா, முட்டை பற்றி மட்டும் சொல்கிறேன். 3 மஞ்சள்கருவோடு 75 கிராம் சர்க்கரை சேர்த்து, கொதிக்கும் நீரின் ஆவிமேல் கிண்ணத்தை வைத்து, கை ஓயாமல் அடித்துக்கொண்டே வெப்பமானி 72 டிகிரி காட்டும் வரை சூடாக்குங்கள். கலவை தடித்து, அடிப்பானைத் தூக்கினால் நாடா போல மடிந்து விழும். அதை முழுவதும் ஆறவைத்த பிறகே 250 கிராம் மஸ்கார்போனேயில் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் கிரீம் உருகித் தண்ணீராகும். உங்கள் பாத்திரத்தின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

மஸ்கார்போனே விலை கூடுதலாகத் தெரிந்தால் வீட்டிலேயே செய்யலாம். கொழுப்பு 35 விழுக்காடு உள்ள பால் கிரீம் அரை லிட்டரை 85 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் மெல்லக் கிளறி, ஆறியதும் துணியில் ஊற்றி ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வடியவிடுங்கள். செம்பனை எண்ணெயில் செய்த கேக் அலங்காரக் கிரீம் இதற்கு உதவாது.

மதுவைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். மார்சாலா மது சேர்க்கும் செய்முறைகள் பின்னால் பரவியவை. திராமிசுவின் பிறப்பிடமாகப் பரவலாகச் சொல்லப்படுவது இத்தாலியின் திரெவிசோ நகரிலுள்ள லெ பெக்கெரியே உணவகம். 1970களின் தொடக்கத்தில் அங்கே பரிமாறப்பட்டதில் மது கிடையாது. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஜெலுத்தோங் அம்மா, பினாங்கு:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கோப்பி-ஓ பொட்டலத்தை அன்றே எடுத்துப் பார்த்தேன். உள்ளடக்கத்தில் ‘காண்டும்’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. அத்தனை மாதங்களாக மகள் காலையில் குடித்த காப்பி அது. அவளுக்கு அவ்வப்போது வந்த வயிற்று வலியை நான் பரீட்சைப் பயம் என்று நினைத்திருந்தேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதையும் சொல்லப்போகிறேன்.

நேற்று மீண்டும் செய்தேன். புதிய சல்லடை வாங்கினேன். பிஸ்கட்டைத் தகடாகச் சுட்டு உலர்த்தி, அம்மா விட்டுச்சென்ற பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கி, தூரிகையால் பூசினேன். பூசி முடித்தபோது பாதிக்கு மேல் வெள்ளையாகவே தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடலாம் என்று கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். இன்று காலை கத்தியால் வெட்டித் தட்டில் வைத்தபோது துண்டு நான்கு பக்கமும் நேராக நின்றது. கீழடுக்கு இடைவெளி இல்லாமல் ஒரே பழுப்பு நிறமாக ஊறியிருந்தது, ஆனால் தட்டில் ஒரு சொட்டுக் காப்பி இல்லை. நறநறப்பும் இல்லை.

மகள் முதல் துண்டை முடித்துவிட்டு, “அம்மா, ஓரத்துத் துண்டு எனக்கு” என்று தானே வெட்டி எடுத்துக்கொண்டாள். பிறந்த நாளுக்குத் தோழிகள் பத்துப் பேர் வருகிறார்கள். செந்தூல் தம்பியோ தங்கையோ, அளவை இரண்டு மடங்காக்கும்போது ஒரே பெரிய தட்டில் சுடலாமா, இரண்டாகப் பிரித்துச் சுட வேண்டுமா?

செந்தூல் அடுமனை, கோலாலம்பூர்:

தங்கைதான் அக்கா. இரண்டாகவே பிரித்துச் சுடுங்கள். முதல் தட்டு அடுப்பில் இருக்கும்போது இரண்டாவதற்கான வெள்ளைக்கருவை அடிக்கத் தொடங்கினால் போதும். அடித்த கலவை காத்திருந்தால் காற்று இறங்கிவிடும்.