ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை விரிக்கச் சொல்லித்தர யோசனை வேண்டும்

வணக்கம். காசிமேட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்கள். 'தி போட் லெஃப்ட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். எப்படிப்பட்ட படகு என்று கேட்டால் தமிழில் கொட்டுவார்கள். அதை ஆங்கில எழுவாயில் ஏற்றுவதில்தான் தடுமாற்றம்.

'தி ஓல்ட் ப்ளூ போட்' வரை சரி. வயது முதலில், நிறம் அப்புறம் என்ற வரிசையும் பிடிபட்டுவிட்டது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வருவதுதான் தலைவலி. தமிழில் 'பாறையில் மோதின படகு' என்று விவரமெல்லாம் படகுக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் 'தி போட் தட் ஹிட் தி ராக்ஸ்' என்று பின்னால் போக வேண்டும். அதைப் பழகினாலும் வினை பிசகுகிறது. 'தி பாஸ்கெட் ஆஃப் ப்ரான்ஸ் ஆர் ஹெவி' என்கிறார்கள். பக்கத்தில் ப்ரான்ஸ் இருப்பதால் 'ஆர்' வந்துவிடுகிறது. எழுவாயின் தலைச்சொல், அதாவது அதன் முக்கியப் பெயர்ச்சொல், பாஸ்கெட்; ஆகவே 'இஸ்'தான். விதியை ஒப்பிப்பார்கள், அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் 'ஆர்'. இறால் கூடை தூக்கிப் பழகிய பிள்ளைகளுக்கே இப்படி!

வினைக்கு முன் கோடு போட்டு, தலைச்சொல்லை வட்டமிடச் சொல்கிறேன். இதைவிட நல்ல விளையாட்டோ பயிற்சித்தாளோ யாரிடமாவது இருக்கிறதா? 'வித்', 'இன்', 'ஆஃப்' தொடர்கள் உறுதியான பிறகுதான் 'ஹூ', 'விச்', 'தட்' பக்கம் போகலாமா, இல்லை சேர்த்தே தொடங்கலாமா? கமா போடும் இடத்தை எந்தக் கட்டத்தில் சொல்வீர்கள்?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஆசிரியர்கள் இருந்தால் ஒரு சாயங்காலம் நேரில் வந்து பார்த்தாலும் பெரிய உதவி. ஞாயிறு மட்டும் வேண்டாம், மீன் வியாபார நாள், பாதிப் பேர் வரமாட்டார்கள்.