ஆயில் போர்ட்ரெய்ட்: கட்டம் போட்டுக் கத்துக்கறதா, ஆளை உட்கார வைச்சா?

வியாசர்பாடி_தம்பி: எங்க ஆயா முகத்தை ஆயில்ல அச்சு அசலா வரையணும். போன்ல எடுத்த போட்டோ இருக்கு. போட்டோ மேலயும் கேன்வாஸ் மேலயும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாப் பார்த்து ஏத்திடலாமா?

தண்டையார்பேட்டை_பேனர்: தாராளமா ஏத்து. ஃபிளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி 20 அடி கட்அவுட் முகத்தையே கட்டம் போட்டுத்தான் கொண்டுவந்தோம். கண்ணு கொஞ்சம் நகர்ந்தாலும் வேற ஆளாயிடும். முதல்ல அளவு கைக்கு வரட்டும், கலர் அப்புறம்.

பெரம்பூர்_தூரிகை: அண்ணா, தெருவுல இருந்து அண்ணாந்து பார்க்கிற முகத்துக்கு அது சரி. இது கைக்கெட்டுற தூரத்துல மாட்டப்போற படம். போன் போட்டோவுல நிழல் ஒரே கறுப்பா அடைச்சுக்கும். அதை நம்பி ஐவரி பிளாக்குங்கிற கறுப்பு பெயின்டை அப்பினா தோல் சாம்பல் பூத்துடும்.

தம்பி, ஆயாவை ஜன்னலோரம் உட்கார வைச்சுப் பாரு. நம்ம மாநிறத்துல நெத்தி மேட்டுல வானத்து நீலம் லேசா விழும். தாடைக்கு அடியில புடவைக் கலர் ஏறும். நிழலுக்கு பர்ன்ட் அம்பர் பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்துக்க. ரெடிமேடா விக்கிற ரோஸ் 'ஃபிளெஷ் டின்ட்' நம்ம வீட்டு முகம் எதுக்கும் ஒட்டாது.

தண்டையார்பேட்டை_பேனர்: வயசானவங்களை எவ்வளவு நேரம்பா ஆடாம உட்கார வைப்ப? ரவி வர்மாவே போட்டோவைத் துணைக்கு வைச்சுக்கிட்டவர்தான்.

பெரம்பூர்_தூரிகை: துணைக்குத்தான் அண்ணா! நேர்ல பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணு அவருக்கு இருந்தது. போட்டோவுல எது பொய்னு அந்தக் கண்ணுக்குத் தெரியும். தம்பிக்கு இன்னும் தெரியாதே.

ராயபுரம்_ஈசல்: ரெண்டு பேரும் பெயின்டைப் பத்திப் பேசலையே. ஆயில் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாது; காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகும். அடிப்பூச்சு முதல்ல இறுகணும், அதனால முதல் பூச்சு பர்ன்ட் அம்பரை டர்பன்டைன்ல (பெயின்டை நீர்க்க வைக்கிற திரவம்) கரைச்சு மெல்லிசா, மேல போகப்போக லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கூடணும். மாத்திப் பண்ணா பின்னாடி வெடிப்பு விடும். அம்பர் சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை இழுத்தடிக்கும். அம்பர் பூச்சுலயே கண்ணைச் சுருக்கிப் பார்த்து இருட்டு எது, வெளிச்சம் எதுன்னு பிரிச்சுடு.

தண்டையார்பேட்டை_பேனர்: இது சரி. ஆனா அந்த அம்பர் பூச்சுக்குக் கோடு கட்டத்துல இருந்துதான் வரணும்னு இப்பவும் சொல்றேன்.

வியாசர்பாடி_தம்பி: எங்க ஜன்னல் கிழக்கு பார்த்தது. பத்து மணிக்குள்ள நிழலெல்லாம் இடம் மாறிடுதே?

பெரம்பூர்_தூரிகை: வடக்கு ஜன்னல்னா வெளிச்சம் அவ்வளவா மாறாது. இல்லேன்னா தினமும் ஒரே நேரத்துல உட்காரு. நிழல் நகர்ந்ததும் பிரஷ்ஷைக் கீழ வைச்சுடு, அதைத் துரத்தாதே. ஆயாவுக்கு இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை ஓய்வு குடு.