சர்வ்-யூ லாக்கில் வரிசையாக இரட்டைப் புள்ளிகள்: ஃபயர்வால் தடை போதுமா?

குடமுருட்டி:
கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பாபநாசம், மன்னார்குடி கிளைகளின் ஸ்கேன் ஃபைல்கள் சர்வ்-யூ (ஃபைல் அனுப்பி வாங்கும் சர்வர் மென்பொருள்) வழியாக வருகின்றன. விண்டோஸ் சர்வர், சர்வ்-யூ பதிப்பு 15.4.2 ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) 1. ஃபயர்வால் லாக்கில் 80ஆம் போர்ட்டுக்கு "இன்டர்னல்டிர்" பாராமீட்டரோடு கெட் ரிக்வெஸ்ட்கள், பின்னால் புள்ளி-புள்ளி-ஸ்லாஷ் (ஒரு ஃபோல்டர் மேலே போகும் குறி) நாலைந்து முறை. அந்தச் சரத்துக்குத் தடை போட்டால் போதுமா? 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல். அதுவரை கிளைகளை நிறுத்த முடியாது.

வெட்டாறு:
போதாதுங்க. 443ஆம் போர்ட்டில் (எச்டிடிபிஎஸ்) வருவது என்கிரிப்ட் ஆகியிருக்கும். சாதாரண ஃபயர்வாலுக்கு அந்தச் சரம் கண்ணிலேயே படாது.

இது சிவிஇ-2024-28995 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டை, 2024 ஜூனில் வெளியானது. ஹாட்ஃபிக்ஸ் 1 வரை ஓட்டை உண்டு, ஹாட்ஃபிக்ஸ் 2இல் அடைத்தார்கள். சர்வரில் இருக்கும் ஃபைலைப் படிக்க லாகினே வேண்டாம், அதுதான் வில்லங்கம். விண்டோஸில் சர்வ்-யூ பேக்ஸ்லாஷை (\) மட்டும் தேடி வடிகட்டும். ஃபார்வர்டு ஸ்லாஷ் (/) வந்தால் விட்டுவிடும். பிறகு தானே அதைப் பேக்ஸ்லாஷாகத் திருப்பி ஃபைலைத் திறக்கும். லினக்ஸில் தலைகீழ். திருப்பிவிட்டுச் சோதித்திருந்தால் இந்த வம்பே இல்லை.

இன்றே வெளியிலிருந்து 80, 443 போர்ட்டுகளுக்கு உள்ள ஃபார்வர்டிங்கை எடுங்கள். கிளைகள் 22ஆம் போர்ட்டில் எஸ்எஃப்டிபியில் (என்கிரிப்ட் செய்து ஃபைல் அனுப்பும் முறை) அனுப்பட்டும். ராத்திரி சர்வீஸை நிறுத்தி, புரோகிராம்டேட்டாவுக்குள் ரைனோசாஃப்ட் ஃபோல்டரை (சர்வ்-யூ அமைப்புகள் இருக்கும் இடம்) நகலெடுத்துவிட்டு, கிடைக்கும் கடைசிப் பதிப்பையே போடுங்கள்.

அரசலாறு:
படிக்கத்தானே முடியும், எழுத முடியாதே என்று இருந்துவிடாதீர்கள். சர்வீஸ் லோக்கல் சிஸ்டம் கணக்கில் (விண்டோஸில் மிக அதிக அதிகாரமுள்ள கணக்கு) ஓடினால் டிஸ்க்கில் பெரும்பாலான ஃபைல்கள் அதற்குத் திறக்கும். லாக்கில் அந்த ரிக்வெஸ்ட்களுக்கு 200 (வெற்றி என்ற பதில்) போயிருக்கிறதா பாருங்கள். போயிருந்தால் பேட்ச் மட்டும் காப்பாற்றாது: யூசர் பாஸ்வேர்டுகள், எஸ்எஃப்டிபி ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய பேக்கப் அதே டிரைவில் கிடந்தால் அதையும் போனதாகவே கணக்கு வையுங்கள்.

குடமுருட்டி:
இரண்டு 200 இருக்கிறது. மாற்றிவிடுகிறோம். பக்கத்திலேயே ஃபைல் காட்டும் பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்றும் ஓடுகிறது. ரியல்பாத் (ஃபைலின் உண்மையான முழுப் பாதை) எடுத்து, கிளை ஃபோல்டர் பெயரில் தொடங்குகிறதா என்று பார்க்கிறது. அது சரிதானே?

வெட்டாறு:
பாதி சரி. ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் "கிளை1"க்கு வைத்த சோதனையில் "கிளை10"உம் தேறிவிடும். விண்டோஸில் ரியல்பாத் பேக்ஸ்லாஷோடுதான் விடை தரும். ஃபார்வர்டு ஸ்லாஷ் எழுதி ஒப்பிட்டால் நியாயமான ஃபைல்கூடத் திறக்காது.